செம்பு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செம்பு, தாமிரம், காப்பர் எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றேதான். பாத்திரக்கடையில் செம்பு, பாடப்புத்தகத்தில் தாமிரம், எலக்ட்ரிக்கல் கடையில் காப்பர். துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை, வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். இந்தப் பக்கம் முழுக்க செம்பு என்றே எழுதுகிறேன்.

செம்பு வர்த்தகம் என்றால் எதை வாங்கி விற்கிறார்கள்?

முதலில் இது பிடிபட்டால்தான் மற்றதெல்லாம் பிடிபடும். செம்பு கப்பல் ஏறுவது ஒரே உருவத்தில் அல்ல.

சுரங்கத்தில் வெட்டி எடுக்கும் பாறையில் செம்பு ஒரு சதவீதம்கூட இருப்பது அரிது. அதை அங்கேயே அரைத்து, நுரையில் மிதக்கவிட்டுப் பிரித்தால் ஏறக்குறைய கால் பங்கு செம்பு உள்ள ஒரு தூள் கிடைக்கும். செறிவூட்டிய தாது என்பது இதுதான். உருக்காலையில் அதை உருக்கினால் 99 சதவீதம் வரை சுத்தமான கட்டி வரும். அதை அமிலத் தொட்டியில் போட்டு மின்சாரம் பாய்ச்சினால் 99.99 சதவீதம் சுத்தமான தகடு. தொழிலில் இதை கேத்தோடு என்பார்கள். கம்பி இழுப்பவர்களுக்கு வேண்டியது இந்தத் தகடு. இவை போக, பழைய மோட்டாரிலும் வயரிலும் இருந்து வரும் கழிவுச் செம்பு தனி வியாபாரம்.

எந்த நாடு எந்தக் கட்டத்தில் வாங்கி எந்தக் கட்டத்தில் விற்கிறது என்று பார்த்தால் அந்த நாட்டின் நிலைமை தெரிந்துவிடும். சுரங்கம் ஒரு இடத்தில் இருந்தால் இருந்ததுதான், அதை நகர்த்த முடியாது. உலை இடம் மாறும். கடந்த 300 ஆண்டுகளின் செம்பு வர்த்தகத்தை நான் பெரும்பாலும் உலைகள் இடம் மாறிய கதையாகத்தான் பார்க்கிறேன்.

இந்த வர்த்தகம் எவ்வளவு பழையது?

துருக்கியின் தென்கரையில் உலுபுருன் என்ற இடத்தில் கடலடியில் ஒரு கப்பல் கிடைத்தது. மூழ்கியது கிறிஸ்துவுக்கு முன் 14-ம் நூற்றாண்டின் கடைசிவாக்கில். அதில் ஏறக்குறைய 10 டன் செம்புக் கட்டிகளும் ஒரு டன் வெள்ளீயமும் இருந்தன. வெண்கலம் வார்க்கத் தேவையான அதே பத்துக்கு ஒன்று விகிதம். செம்பு சைப்ரஸ் தீவிலிருந்து வந்தது. செம்பின் லத்தீன் பெயரே அந்தத் தீவின் பெயரிலிருந்து பிறந்ததுதான், வேதியியலில் Cu என்று நாம் எழுதும் குறியீட்டின் மூலமும் அதுவே.

ஜப்பான் செம்பு சோழமண்டலக் கரைக்கு வந்தது உண்மையா?

உண்மை. 17-ம் நூற்றாண்டில் ஜப்பான் உலகின் பெரிய செம்பு ஏற்றுமதி நாடுகளில் ஒன்று. நாகசாகி துறைமுகத்தில் ஒரு சின்னத் தீவுக்குள் அடைபட்டு வியாபாரம் செய்த டச்சுக் கம்பெனிக்கு, அங்கே வாங்கக் கிடைத்த முக்கியச் சரக்கு செம்புப் பாளங்கள். அதை அவர்கள் ஐரோப்பாவுக்கு மட்டும் கொண்டுபோகவில்லை. பெரும்பகுதியை ஆசியாவிலேயே விற்றார்கள்: சூரத்தில், வங்காளத்தில், சோழமண்டலக் கரையில். விற்ற பணத்தில் துணி வாங்கினார்கள். முதலில் பழவேற்காடும், 1690 முதல் நாகப்பட்டினமும் அவர்களுக்குத் தலைமையிடம். இரண்டு ஊரிலும் டச்சுக்காரர்கள் செப்புக்காசு அடித்திருக்கிறார்கள்.

ஜப்பானின் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன், ஏனென்றால் மாற்றம் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. செம்பு வெளியே போய்க்கொண்டே இருப்பதைப் பார்த்த ஷோகுன் (ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவர்) அரசு 1715-ல் ஏற்றுமதிக்கு வரம்பு கட்டியது. 1691-ல் தொடங்கிய பெஸ்ஷி சுரங்கம் 1973-ல் மூடியது. அதே ஆண்டில் ஆஷியோ சுரங்கமும் மூடியது. உள்ளூர்ச் சுரங்கம் போயிற்று, உலைகள் போகவில்லை. இன்றைக்கு ஜப்பான் தாதுவைச் சிலியிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் வாங்கி, உருக்கி, தகடாக விற்கிறது. வாங்குவோர் பட்டியலில் இந்தியாவும் உண்டு. 300 ஆண்டுக்கு முன்பும் ஜப்பான் செம்பு நம் கரையில் இறங்கியது, இப்போதும் இறங்குகிறது. இடையில் அந்தச் செம்பு பிறக்கும் இடம் பசிபிக் கடலின் அந்தக் கரைக்குப் போய்விட்டது.

சுவான்சி என்ற ஊரைப் பற்றிச் சொல்கிறார்களே, அங்கே செம்புச் சுரங்கம் இருந்ததா?

இல்லை. இருந்தது நிலக்கரி.

சுவான்சி பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உள்ள துறைமுகம். அந்தக் காலத்து உலையில் ஒரு டன் செம்பு எடுக்கப் பல டன் தாது வேண்டும், அதைவிட அதிகமாகக் கரி வேண்டும். அப்படியென்றால் கரியைத் தாதுவிடம் கொண்டுபோவதைவிடத் தாதுவைக் கரியிடம் கொண்டுவருவதே மலிவு. முதலில் பக்கத்திலிருந்த கார்ன்வாலிலிருந்து தாது வந்தது. 1830-களில் கியூபாவிலிருந்து, அப்புறம் சிலியிலிருந்து, 1845-க்குப் பிறகு தென் ஆஸ்திரேலியாவின் புர்ராவிலிருந்து. சிலியிலிருந்து வரும் பாய்மரக் கப்பல்கள் தென் அமெரிக்காவின் நுனியில் உள்ள ஹார்ன் முனையைச் சுற்றி வரவேண்டும். எத்தனையோ மாலுமிகள் அங்கேயே உயிரைவிட்டார்கள். ஒரு கட்டத்தில் உலகச் செம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரு பள்ளத்தாக்கில் உருகியது.

பிறகு என்ன ஆயிற்று? சிலிக்காரர்கள் தாங்களே உருக்கக் கற்றுக்கொண்டு தாதுவுக்குப் பதில் கட்டியாக அனுப்பினார்கள். அமெரிக்கா தன் சுரங்கங்களுக்குப் பக்கத்திலேயே உலை கட்டியது. உலையின் திறமை கூடக்கூட ஒரு டன்னுக்கு வேண்டிய கரி குறைந்தது, சுவான்சிக்கு இருந்த ஒரே சாதகமும் கரைந்தது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கந்தகப் புகையால் மொட்டையான குன்றுகளும் கசடு மேடுகளும் மட்டும் மிஞ்சின. அவற்றைச் சீராக்கும் வேலை 1961-ல்தான் ஒழுங்காகத் தொடங்கியது. உருக்கிய லாபம் போய் அரை நூற்றாண்டு கழித்தும் கழிவு அந்த மண்ணிலேயே கிடந்தது.

லண்டன் சந்தையில் ஏன் 'மூன்று மாத விலை' என்று ஒன்று இருக்கிறது?

லண்டன் உலோகச் சந்தை 1877-ல் தொடங்கியது. அப்போது சிலியிலிருந்து செம்பும் மலாயாவிலிருந்து வெள்ளீயமும் கப்பலில் வந்துசேர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். சரக்கு கடலில் இருக்கும்போது விலை விழுந்தால் வியாபாரி ஒழிந்தான். அதனால் வந்துசேரும் நாளுக்கான விலையை முன்பே பேசி வைத்துக்கொண்டார்கள். பாய்மரம் போய், நீராவி போய், எல்லாம் மாறிவிட்டது. மூன்று மாதக் கணக்கு மட்டும் இன்றும் உலகமே பார்க்கும் அடிப்படை விலையாக நிற்கிறது.

சந்தை முழுவதையும் ஒருவரே பிடித்துக்கொள்ள முடியுமா?

முயன்று பார்த்தவர் பியேர் செக்ரெத்தான் என்ற பிரெஞ்சு வியாபாரி. 1887-ல் வங்கிப் பணத்தை வைத்து உலகச் சுரங்கங்களின் உற்பத்தியை ஒப்பந்தம் போட்டு வளைத்தார். விலை இரட்டிப்பானது. விலை ஏறியதும் சுரங்கங்கள் கூடுதலாகத் தோண்டின, வீடுகளில் கிடந்த பழைய செம்பெல்லாம் சந்தைக்கு வந்தது, வாங்குவோர் கையை இழுத்துக்கொண்டார்கள். 1889-ல் எல்லாம் சரிந்தது. பணம் கொடுத்த பாரிஸ் வங்கியும் வீழ்ந்தது, அதன் தலைவர் உயிரை மாய்த்துக்கொண்டார்.

சுரங்கம் வைத்திருந்த நாடுகள் பணக்கார நாடுகள் ஆகவில்லையே, ஏன்?

எல்லா நாடுகளுக்கும் ஒரே பதில் கிடையாது. இரண்டு நாடுகளை மட்டும் சொல்கிறேன்.

முதலில் சிலி. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொறியாளர்கள் இரண்டு சதவீதமே செம்பு உள்ள பாறையைக்கூட மலையையே திறந்து வெட்டி லாபமாக எடுக்கலாம் என்று காட்டினார்கள். யூட்டா மாநிலத்தின் பிங்கம் கேன்யனில் 1906-ல் தொடங்கிய முறை அது. அதே பெரிய அளவுக் கணக்கோடும் பணத்தோடும் அமெரிக்கக் கம்பெனிகள் சிலியின் சுக்கிகமாட்டா, எல் தெனியெந்தே சுரங்கங்களை எடுத்துக்கொண்டன. நாட்டின் அந்நியச் செலாவணி முக்கால்வாசி ஒரே உலோகத்திலிருந்து வந்தது. அதன் விலையும் அளவும் முடிவானது வேறு நாட்டில். 1971 ஜூலை 11-ல் சிலி நாடாளுமன்றம் ஒருமனதாக வாக்களித்துப் பெரிய சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கியது. 'செம்பு சிலியின் சம்பளம்' என்றார் அதிபர் சால்வதோர் அயெந்தே. நஷ்ட ஈடு கேட்ட அமெரிக்கக் கம்பெனி ஒன்று, 1972-ல் சிலியின் செம்பு ஏறிய கப்பலைப் பிரெஞ்சுத் துறைமுகம் வரை துரத்தி வழக்குப் போட்டது. 1973-ல் அயெந்தே ராணுவத்தால் வீழ்த்தப்பட்டார். ஆனால் ராணுவ அரசும் அந்தச் சுரங்கங்களைத் திருப்பிக் கொடுக்கவில்லை. 1976-ல் கொடெல்கோ என்ற அரசு நிறுவனத்தின் கீழ் கொண்டுவந்தது. புதிய சுரங்கங்களுக்கு மட்டும் வெளிநாட்டாரை அனுமதித்தது. 1990-ல் தொடங்கிய எஸ்கொந்திதா அப்படி வந்தது, இன்று உலகிலேயே பெரிய செம்புச் சுரங்கம் அதுதான்.

சாம்பியாவின் சிக்கல் வேறு. அந்த நாட்டுக்குக் கடற்கரை கிடையாது. 1964-ல் விடுதலை பெற்றபோது செம்பை வெளியே அனுப்பும் ரயில் பாதை, வெள்ளைச் சிறுபான்மை ஆட்சி நடந்த ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) வழியாகப் போனது. அந்த வழியை நம்ப முடியாது. மேற்கு நாடுகள் கைவிரித்தபின் சீனா முன்வந்து தான்சானியாவின் தார் எஸ் ஸலாம் துறைமுகத்துக்கு 1,860 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டுக் கொடுத்தது. வேலை முடிந்தது 1975-ல். அந்த நேரம் பார்த்துச் செம்பு விலை விழுந்தது. சாம்பியா, சிலி, பெரு, ஜயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நான்கும் 1967-லேயே எண்ணெய் நாடுகளைப் போல ஒரு கூட்டமைப்பு வைத்திருந்தன. உற்பத்தியைக் குறைத்து விலையைத் தாங்கப் பார்த்தன, முடியவில்லை. எண்ணெய் எரிந்தால் தீர்ந்தது. செம்பு தீராது, பழையதை உருக்கி மறுபடி விற்கலாம். கம்பிக்கு அலுமினியமும் போடலாம். இந்த இரண்டு வழிகள் திறந்திருக்கும்வரை செம்புக்கு அப்படி ஒரு கூட்டு நிற்காது என்பது என் கணிப்பு.

சீனா எப்போது இந்தச் சந்தையின் நடுவில் வந்து உட்கார்ந்தது?

2001-ல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததற்குப் பின்வந்த பத்தாண்டுகளில். 2001 கடைசியில் ஒரு டன் செம்பு 1,400 டாலர் அளவில் இருந்தது. 2006-ல் 8,000 டாலரைத் தாண்டியது, 2008 நெருக்கடியில் 3,000-க்கு விழுந்தது, 2011 பிப்ரவரியில் 10,000-ஐத் தாண்டியது. இந்த ஏற்றத்துக்குப் பெரிய காரணம் சீனாவின் நகரங்கள், மின்கம்பிகள், ஏசிகள். இன்று உலகம் பயன்படுத்தும் சுத்தச் செம்பில் பாதிக்கு மேல் சீனாவில்தான்.

ஆனால் சீனாவின் பலம் வாங்குவதில் மட்டும் இல்லை. அங்கே உள்ள உருக்காலைகள் உலகச் சுத்தச் செம்பில் 40 சதவீதத்துக்கு மேல் எடுக்கின்றன. சுவான்சியின் இடம் இப்போது அங்கே. இதை அளக்க ஒரு நல்ல குறி உண்டு. சுரங்கம் தன் தாதுவை உருக்கித்தர உருக்காலைக்கு ஒரு கூலி கொடுக்கும், அது ஆண்டுக்கு ஒருமுறை பேசி முடிவாகும். 2024-க்கு டன்னுக்கு 80 டாலர். 2025-க்கு 21.25 டாலர். 2026-க்கு ஒரு சிலி நிறுவனமும் ஒரு சீன ஆலையும் ஒப்புக்கொண்ட தொகை பூஜ்யம்.

உலைகள் தாதுவைவிட வேகமாகப் பெருகிவிட்டன என்பதுதான் இதன் பொருள். நடுவில் 2023 நவம்பரில் பனாமாவின் பெரிய சுரங்கம் மக்கள் போராட்டத்துக்கும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கும் பிறகு மூடியதால் தாது இன்னும் சுருங்கியது. கூலியே இல்லாமல் ஆலை எப்படி ஓடும்? கூடவே கிடைக்கும் தங்கம், வெள்ளி, கந்தக அமிலத்தை விற்று. அதுவும் போதாதவை மூடும். ஜப்பான் ஆலைகளுக்கு இது இப்போது பெரிய கவலை.

தாதுவாக ஏற்றுமதி செய்யக்கூடாது என்று தடுத்தால்?

இந்தோனேசியா அதைத்தான் செய்தது. 2009-ல் சட்டம், 2014-ல் நடைமுறை, அப்புறம் தவணை மேல் தவணை கொடுத்து, கடைசியில் கிரெசிக்கில் பெரிய உருக்காலை வந்துவிட்டது. காங்கோ ஜனநாயகக் குடியரசு தன் செம்பைப் பெரும்பாலும் தகடாகவே அனுப்புகிறது, அண்மையில் பெருவைத் தாண்டி உற்பத்தியில் இரண்டாம் இடத்துக்கு வந்திருக்கிறது. ஆனால் பல சுரங்கங்களின் உரிமை சீனக் கம்பெனிகளிடம்.

இந்தியா ஏற்றுமதி செய்த நாடுதானே, இறக்குமதி நாடாக எப்படி ஆயிற்று?

இந்தியாவில் தாது கொஞ்சம்தான். ராஜஸ்தானின் கேத்ரி, மத்தியப் பிரதேசத்தின் மலாஞ்ச்கண்ட், ஜார்க்கண்டில் சில சுரங்கங்கள். இவை 1967-ல் தொடங்கிய இந்துஸ்தான் காப்பர் என்ற பொதுத்துறை நிறுவனத்திடம் இருக்கின்றன. 1990-களில் இரண்டு தனியார் உருக்காலைகள் கடலோரமாக வந்தன: குஜராத்தின் தஹேஜில் ஒன்று, தூத்துக்குடியில் ஸ்டெர்லைட். சுவான்சியின் அதே கணக்குதான், தாது வெளிநாட்டிலிருந்து, உலை துறைமுகத்தின் பக்கத்தில். இவற்றால் 2000-க்குப் பிறகு இந்தியா வாங்குவதைவிட அதிகம் சுத்தச் செம்பு விற்கும் நாடாக இருந்தது.

தூத்துக்குடி ஆலையின் திறன் ஆண்டுக்கு 4 லட்சம் டன். காற்றும் நிலத்தடி நீரும் கெடுகிறது என்று அந்த ஊர் மக்கள் ஆண்டுக்கணக்காகப் போராடினார்கள். 2018 மே 22-லும் மறுநாளும் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மே 28-ல் ஆலையை நிரந்தரமாக மூட அரசு உத்தரவிட்டது. 2024 பிப்ரவரி 29-ல் உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது.

வர்த்தகக் கணக்கில் மாற்றம் உடனே தெரிந்தது. 2017-18-ல் சுமார் 3.8 லட்சம் டன்னாக இருந்த தகடு ஏற்றுமதி அடுத்த ஆண்டே 50 ஆயிரம் டன்னுக்குக் கீழே போனது. இறக்குமதி இரட்டிப்பானது. 18 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியா நிகர இறக்குமதி நாடானது. ஒரு டன் செம்புக்கு ஏறக்குறைய மூன்று டன் கந்தக அமிலம் கூடவே வரும் என்பதால், தமிழ்நாட்டில் உர ஆலைகளுக்கும் ரசாயனத் தொழில்களுக்கும் அமிலத் தட்டுப்பாடு வந்தது.

இந்த எண்களைக் காட்டி 'போராடியவர்களால் நாட்டுக்கு நஷ்டம்' என்று எழுதுகிறவர்களை நான் ஏற்கவில்லை. ஜப்பானின் ஆஷியோவில் 19-ம் நூற்றாண்டிலேயே இதே சண்டை நடந்தது. செம்புக் கழிவு வதராசே ஆற்றில் கலந்து வயல்கள் செத்தன. தனாக்கா ஷோசோ என்பவர் 1901-ல் பேரரசரின் வண்டியை மறித்து மனு கொடுக்கப் போனார். உலை இருக்கும் ஊர் சுவாசிக்கும் காற்றுக்கு ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தில் பத்தியே கிடையாது. அதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தபிறகு லாப நஷ்டம் பேசலாம்.

இப்போது முந்த்ராவில் அதானி குழுமத்தின் 5 லட்சம் டன் ஆலை 2024 மார்ச்சில் தொடங்கியிருக்கிறது. அது முழுதாக ஓடினால் தகடு இறக்குமதி குறையும். தாது இறக்குமதி அந்த அளவுக்கு ஏறும். ஏற்கெனவே இந்திய ஆலைகளுக்கு வேண்டிய செறிவூட்டிய தாதுவில் 90 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது.

இலங்கையில் சுரங்கம் இல்லாமலே செம்பு ஏற்றுமதி நடந்ததாமே?

நடந்தது. இந்திய இலங்கை தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டுக் கழிவுச் செம்புக்கு இந்தியாவில் வரி அதிகம், இலங்கையில் குறைவு. இலங்கையில் உருக்கிச் செம்புப் பொருளாக்கினால் இந்தியாவுக்குள் வரி இல்லாமல் வரும். பல இந்திய முதலாளிகள் அங்கே போய் ஆலை போட்டார்கள். சில ஆண்டுகளுக்கு, வனஸ்பதியோடு சேர்ந்து செம்பும் இந்தியாவுக்கான இலங்கை ஏற்றுமதியின் உச்சியில் இருந்தது. உள்ளூரில் சேர்க்கும் மதிப்பு விதிப்படி இல்லை என்று இந்தியா கெடுபிடி செய்தது, வரி வித்தியாசமும் குறைந்தது, அந்த ஆலைகள் அடங்கிப்போயின. வரியை நம்பி வந்த வர்த்தகம் வரியோடு போனது.

பழைய இரும்புக்கடைச் செம்புக்கும் உலக வர்த்தகத்துக்கும் தொடர்பு உண்டா?

நிறைய. உலகின் கழிவுச் செம்பில் பெரும்பங்கை வாங்கிய நாடு சீனா. 2018 முடிவில் பழைய மோட்டார், வயர் போன்ற பிரிக்காத கழிவுக்கு அது தடை போட்டதும், பிரிக்கும் வேலை மலேசியா போன்ற நாடுகளுக்கு நகர்ந்தது. பிரித்துச் சுத்தமானது அங்கிருந்து சீனாவுக்கே போனது. குப்பையும் புகையும் பிரித்த ஊரில் தங்கின.

2025-ல் அமெரிக்க வரி என்ன குழப்பம் செய்தது?

ஜூலை 8-ல் செம்புக்கு 50 சதவீத வரி என்று அதிபர் டிரம்ப் அறிவித்தார். அதற்கு முன்பிருந்தே, வரி வருமுன் உள்ளே கொண்டுபோய்விட வேண்டும் என்று வியாபாரிகள் கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்குத் திருப்பினார்கள். நியூயார்க் விலை லண்டன் விலையைவிட வெகுவாக ஏறி நின்றது. ஜூலை 30-ல் பார்த்தால், வரி கம்பி, குழாய் போன்ற அரைத் தயாரிப்புகளுக்குத்தான், தகட்டுக்கு இல்லை என்றார்கள். நியூயார்க் விலை ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்கு விழுந்தது.

கோயம்புத்தூரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். காயில் கம்பி விலை ஏன் தினமும் மாறுகிறது?

உங்கள் கம்பியின் விலை நான்கு இடத்தில் முடிவாகிறது. லண்டனில் டாலர் விலை, அன்றைய ரூபாய் மதிப்பு, இறக்குமதி வரியும் கப்பல் செலவும், கடைசியாகக் கம்பி இழுக்கிற கூலியும் ஜிஎஸ்டியும். லண்டனில் விலை அசையாமல் இருந்தாலும் ரூபாய் சரிந்தால் உங்களுக்கு ஏறும். மும்பை எம்சிஎக்ஸ் சந்தையில் செம்பு விலையை ரூபாயிலேயே பார்க்கலாம், முதல் இரண்டும் அதில் அடங்கிவிடும். வாடிக்கையாளருக்கு விலை சொல்லும்போது எந்த நாளின் விலை என்று ரசீதில் எழுதிவிடுங்கள்.

நானே புள்ளிவிவரம் பார்க்க வேண்டுமென்றால்?

மத்திய வணிக அமைச்சகத்தின் இணையதளத்தில் சுங்கக் குறியீட்டு எண் வாரியாக ஏற்றுமதி இறக்குமதி கிடைக்கும். 2603 என்றால் தாதுவும் செறிவூட்டிய தாதுவும். 7402 சுத்திகரிக்காத கட்டி. 7403 தகடு. 7404 கழிவு. 7408 கம்பி. இந்த ஐந்தையும் 2015 முதல் ஆண்டுவாரியாக ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். ரூபாயில் பார்க்காதீர்கள், விலை ஏற்றம் கண்ணை மறைக்கும், எடையில் பாருங்கள். ஒரு டன் செறிவூட்டிய தாதுவில் கால் டன்தான் செம்பு என்பதையும் மறக்காதீர்கள், 2603-ன் எடையை நான்கால் வகுத்தபிறகுதான் மற்ற எண்களின் எடையோடு ஒப்பிட முடியும். 2018-19-ல் 2603, 7403 இரண்டும் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்று பாருங்கள், அப்புறம் 2024-க்குப் பிறகு பாருங்கள்.